பழைய கூத்துக் கசெட்டுகள், கோயில் கச்சேரிப் போன் பதிவுகள்: ஒலியைத் திருத்துவது எப்படி?

படுவான்கரையான்

வணக்கம் எல்லாருக்கும். மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைப் பக்கம் எங்கள் ஊரில் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆடிய வடமோடி என்ற வகைக் கூத்து ஒன்றின் கசெட்டுகள் மாமா வீட்டு அலுமாரியில் இருந்து கைக்கு வந்திருக்கின்றன. விடியும்வரை ஆடிய கூத்து. எல்லாம் தொண்ணூறு நிமிடக் கசெட். அன்று களரியில், அதாவது ஆடுகளத்தில், நின்று கூத்தை நடத்திய அண்ணாவியார் காலமாகிவிட்டார். அவருடைய குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை.

குறைகளைச் சொல்கிறேன். முழுக்க 'இஸ்' என்ற இரைச்சல். அடியில் ஓர் உறுமல். மத்தளம் ஓங்கி விழும்போதெல்லாம் பாட்டு உள்ளே போய், மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. விடியற்பக்கத்துக் கசெட்டுகளில் எல்லாரும் வேகமாகவும் கீச்சுக் குரலிலும் பாடுகிறார்கள்.

ஒரு கசெட்டை நகரில் ஒரு கடையில் கொடுத்துத் துப்புரவாக்கி எடுத்தோம். இரைச்சல் போனது உண்மைதான். ஆனால் அண்ணாவியார் தண்ணீருக்குள் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. சதங்கைச் சத்தம் அறவே இல்லை. மிச்சத்தை நாங்களே செய்யலாம் என்று யோசிக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

நாடாப்பெட்டி

மூலக் கசெட்டுகள் கையில் இருக்கின்றன தானே? அப்படியென்றால் பயமில்லை. கடைக்குப் போன கசெட்டையும் சேர்த்து முதலில் இருந்து எடுங்கள்.

கணினியைத் திறக்கமுன் செய்ய வேண்டிய வேலைதான் பெரிய வேலை. நாடாவில் இருந்து எடுக்கும்போது தவறவிட்ட உச்சச் சத்தத்தை, அதாவது சதங்கை போன்ற கூரிய ஒலியை, எந்த மென்பொருளும் திருப்பித் தராது. அதனால் நல்ல கசெட் டெக் ஒன்று தேடுங்கள். கசெட்டை யூஎஸ்பியில் மாற்றித் தரும் மலிவான பிளாஸ்டிக் பெட்டிகள் கடைகளில் வருகின்றன, அவை வேண்டாம். அவற்றில் நாடா ஓடும் வேகமே நிலையாக நிற்காது.

கசெட்டை முதலில் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு செப்புத் தகட்டில் ஒட்டியிருக்கும். பழைய கசெட்டில் அது கழன்று விழுந்திருந்தால் நாடா ஹெட்டில், அதாவது அதைப் படிக்கும் தலையில், அழுந்தாது, சத்தம் மங்கும். திருகாணி போட்ட நல்ல கசெட் கூடு ஒன்றுக்குள் நாடாவை மாற்றிவிடலாம். பஞ்சு சரியாக இருந்தால், போடமுன் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள். வருடக்கணக்காக ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடா அது.

ஹெட்டையும் நாடாவை இழுக்கும் இரும்புக் கம்பியையும் ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். குச்சியில் மண்ணிறம் வராமல் போகும்வரை துடைக்க வேண்டும். இறப்பர் உருளைக்கு அல்ககோல் வேண்டாம், இலேசான சவர்க்காரத் தண்ணீர் போதும்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. பதிந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வில் உங்கள் ஹெட்டும் நின்றால்தான் நாடாவில் உள்ள உச்சச் சத்தம் முழுதாக வரும். ஹெட்டின் இரண்டு பக்கமும் சின்னத் திருகாணி இருக்கும். சுருள்வில் மேல் நிற்பதுதான் சாய்வுக்கானது. அது இப்போது நிற்கும் நிலையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கசெட்டை ஓடவிட்டு, இரண்டு சனலையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டபடி, காந்தமில்லாத திருப்புளியால் மயிரளவு மயிரளவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் சல்லரி என்ற கைத்தாளம் பளிச்சென்று திறக்கும், தாண்டினால் மறுபடி மங்கும். அந்தப் பளிச் இடத்தில் விடுங்கள். ஒரே மெஷினில் பதிந்த கசெட்டுகள் என்றால் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் அந்த இடமே சரி. ஆனாலும் ஒவ்வொன்றையும் கேட்டுப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும்.

டொல்பி என்ற இரைச்சல் குறைப்புப் பொத்தான் இருந்தால் அணைத்து வையுங்கள். அந்தக் காலத்து ஒற்றை ஸ்பீக்கர் ரெக்கோர்டர்களில் டொல்பி இல்லை. இல்லாத நாடாவுக்கு அதைப் போட்டால் உச்சம்தான் வெட்டுப்படும்.

படுவான்கரையான்

மிக்க நன்றி அண்ணா. எந்த அளவில் சேமிப்பது? எம்பி3 போதுமா?

நாடாப்பெட்டி

போதாது. உலக ஒலி ஆவணகச் சங்கமான ஐஏஎஸ்ஏ சொல்லும் குறைந்த அளவு 24 பிட், 48 கிலோஹேட்ஸ். 96 என்றால் இன்னும் நல்லது. 96இல் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி பிடிக்கும். சத்தத்தை வெட்டிச் சுருக்காத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பாக வையுங்கள். பதியும் அளவின் உச்சம் −10 டெசிபல் பக்கத்தில் நிற்கட்டும், நிரப்ப வேண்டாம். அந்த மூலக் கோப்பில் பிறகு ஒரு கோடுகூடக் கீறக்கூடாது. செய்வதெல்லாம் அதன் பிரதியில்.

இன்னொன்று. உங்கள் நாடா மோனோவாகத்தான் இருக்கும். ஸ்டீரியோ டெக்கில் ஓடவிட்டால் ஒரே சத்தம் இரண்டு சனலிலும் வரும். சாய்வு சரியாக இருந்தால் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுங்கள். பாட்டு அப்படியே இருக்க, இரைச்சல் 3 டெசிபல் அளவு இறங்கும். மென்பொருள் தொடாமலே கிடைக்கிற சுத்தம் அது. ஒரு சனல் மோசமாக அரிபட்டிருந்தால் மட்டும் நல்ல பக்கத்தைத் தனியே எடுங்கள்.

சல்லரி

இவ்வளவு கஷ்டம் இப்போது தேவையா? டெமக்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, இலவசம். பாட்டு, டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நாலாகப் பிரித்துத் தரும். நான் மேடை நிகழ்ச்சிப் பதிவுகளுக்கு அதைத்தான் பாவிக்கிறேன். குரலைத் தனியே எடுத்து, இரைச்சலை வெட்டி, திரும்பச் சேர்த்தால் முடிந்தது. பேசும் குரலைத் துலக்குகிற செயலிகளும் இருக்கின்றன, ஒரு பொத்தான் அழுத்தினால் ஸ்டூடியோத் தரம்.

மத்தளக்காரர்

தம்பி சல்லரி, உங்கள் பெயரைப் பார்த்தவுடன் சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த நாலு பெட்டியில் சல்லரி எதற்குள் போய் விழும்? சதங்கை எதற்குள்? பிற்பாட்டுக்காரர் எதற்குள்?

நான் வாசிக்கிறவன். கூத்துப் பழகும் பிள்ளை பாட்டை மட்டும் கேட்டுப் பழகுவதில்லை. தருவுக்கு, அதாவது ஆட்டப்பாட்டுக்கு, கால் எங்கே விழுகிறது, எந்த அடியில் சுற்றுகிறான், எந்த அடியில் நிற்கிறான் என்பதைச் சதங்கைதான் சொல்லும். படம் இல்லாத ஒலிநாடாவில் ஆட்டம் இருக்கிற ஒரே இடம் அது. அதைத் துடைத்துவிட்டால் மிஞ்சுவது பாட்டுக் கசெட். கூத்துக் கொப்பியைப் பார்த்துப் பாட்டை எழுப்பலாம், ஆட்டத்தை எழுப்ப முடியாது. கொப்பியில் தாளக்கட்டு எழுதியிருக்கும், கால் எழுதியிருக்காது.

சல்லரி

ஐயா சொல்வது சரி. நேற்று இரவு என்னிடம் இருந்த ஒரு கூத்துப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். மத்தளத்தின் தொப்பி என்ற கனத்த பக்கம் பேஸுக்கும் வலந்தலை என்ற கூரிய பக்கம் டிரம்ஸுக்கும் பிரிந்து போகிறது. சதங்கை கொஞ்சம் டிரம்ஸில், கொஞ்சம் மற்றவையில், கொஞ்சம் காணாமலே போகிறது. பிற்பாட்டு எழும்பும் இடங்களில் குரல் பெட்டி தடுமாறுகிறது. இந்த மாதிரிகள் பெரும்பாலும் மேற்கத்தியப் பொப் பாட்டுகளில் பழகியவை. அவற்றைப் பயிற்றவும் அளவிடவும் அதிகம் பாவிக்கும் தொகுப்பில் 150 பாட்டுகள், அநேகமாகக் கிட்டார், டிரம்ஸ் வகை. வட்டக்களரியை அவை கேட்டதே இல்லை.

பேச்சுத் துலக்கும் செயலியை எடுத்துவிடுங்கள். அது பேச்சுக்குச் செய்தது. விருத்தத்தில், தாளக்கட்டில்லாமல் இழுத்துப் பாடும் இடத்தில், குரலையே வேறாக்கிவிடுகிறது.

ஆனாலும் டெமக்ஸை முழுக்கத் தள்ள வேண்டியதில்லை. மூலத்தை அப்படியே ஓடவிட்டு, பிரித்தெடுத்த குரலை அதன்மேல் இலேசாகச் சேர்த்துப் பாருங்கள், 3 டெசிபல் உயரும் அளவுக்கு. மூலம் கீழே ஓடுவதால் பிரிப்பின் வெட்டுக்குத்து மறைந்துவிடுகிறது, சதங்கையும் அப்படியே இருக்கிறது. தனியே கேட்டால் பல்லிளிக்கிற குரல், மூலத்தோடு சேர்ந்தால் முன்னுக்கு வந்து நிற்கிறது.

மத்தளக்காரர்

அப்படியென்றால் சம்மதம்.

கரண்ட்காரன்

கீச்சுக் குரலுக்கும் உறுமலுக்கும் நான் வருகிறேன்.

பற்றரியில் ஓடிய ரெக்கோர்டர் என்றால் காரணம் தெளிவு. பற்றரி இறங்க இறங்கப் பதியும்போது நாடா மெதுவாக ஓடியிருக்கிறது. இப்போது சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாகவும் உயரமாகவும் கேட்கும். ஓர் இடத்தில் திடீரென்று குரல் இறங்கிப் பழைய நிலைக்கு வந்தால், அங்கே புதுப் பற்றரி போட்டிருக்கிறார்கள்.

இங்கே கரண்ட் 50 ஹேட்ஸ். ஒலிபெருக்கியின் உறுமல் பதிவில் ஏறியிருந்தால் அதுவே கடிகாரம். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் 'ப்ளொட் ஸ்பெக்ட்ரம்' போட்டு உறுமல் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். 53 என்று காட்டினால் வேகத்தை 50க்கு 53 என்ற விகிதத்தில் குறைக்க வேண்டும், அதாவது 94.3 வீதம். ஏறத்தாழ அரைச்சுர வித்தியாசம் அது. ஆனால் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். கசெட் இல்லாமல் டெக்கைப் பிளேயில் விட்டு உறுமல் வருகிறதா என்று கேளுங்கள். அது உங்கள் டெக்கின் உறுமல். அதை வைத்து அளக்கக்கூடாது.

படுவான்கரையான்

அன்று ஊரில் கரண்ட் இல்லை. ஒலிபெருக்கி ஜெனரேட்டரில் ஓடியதாக மாமா சொல்கிறார். ரெக்கோர்டர் பற்றரியில்தான். பார்த்தேன், முதல் கசெட்டில் உறுமல் 51 பக்கம் நிற்கிறது, கடைசியில் 54.

கரண்ட்காரன்

ஜெனரேட்டர் என்றால் 50 என்று நம்ப முடியாது. பல்ப் கூடினால் இறங்கும், குறைந்தால் ஏறும். ஆனால் அந்த ஆட்டம் பல்புக்கேற்ப ஏறியும் இறங்கியும் வரும். உங்களுடையது 51இல் இருந்து 54, கிட்டத்தட்ட 6 வீதம், அதுவும் ஒரே பக்கமாக ஏறுகிறது. அது பற்றரிதான். சரியான எண் கிடைக்காவிட்டாலும் சரிவின் வடிவம் கிடைக்கிறது. முதல் கசெட்டை அளவுகோலாக வைத்து மற்றவற்றை அதற்கு இறக்குங்கள். படிப்படியாக மாறும் இடங்களுக்கு ஆடாசிட்டியின் டைம் ட்ராக் இருக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் போதும்.

முதல் கசெட்டே சரியான வேகமா என்பதற்கு மெஷின் சாட்சி சொல்லாது. அண்ணாவியாரின் குரலை நேரே கேட்டுப் பழகியவர்களை இருத்திக் கேட்கவிடுங்கள். இரண்டு மூன்று வேகத்தில் போட்டுக் காட்டினால் எது அவர் என்று சொல்லிவிடுவார்கள்.

வேகத்தைத் திருத்திய பிறகுதான் உறுமலை வெட்ட வேண்டும். முந்தினால் உறுமல் அலைந்துகொண்டிருக்கும், வெட்டு அகலமாகப் போட வேண்டிவரும். வேகம் சரியானால் உறுமல் ஒரே எண்ணில் நிற்கும், உங்களுக்கு 51இல். அதிலும் அதன் மடங்குகளான 102, 153, 204இலும் அந்த எண்ணை மட்டும் வெட்டும் ஊசிபோல் ஒடுங்கிய நொட்ச் போடலாம். தொப்பியின் முழக்கமும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது, அகலமாக வெட்டினால் மத்தளம் தகர டின்னாகிவிடும்.

வாவிக்கரை

நல்ல இழை. இரைச்சல் குறைப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன், எங்கள் பாடசாலைப் பழைய விழாக் கசெட்டுகளில் இந்த வேலைதான் செய்கிறேன்.

ஆடாசிட்டியின் நொய்ஸ் ரிடக்‌ஷனுக்கு முதலில் இரைச்சலின் மாதிரி ஒன்று காட்ட வேண்டும். நாடா ஓடத் தொடங்கி, சத்தம் எதுவும் வரமுன் உள்ள ஒன்றிரண்டு விநாடியை எடுங்கள். சனம் குசுகுசுக்கிற இடத்தை எடுக்காதீர்கள். எடுத்தால் சனத்தையும் இரைச்சலென்று எண்ணி அரித்துவிடும். அளவு 6 டெசிபலில் தொடங்குங்கள். 12க்கு மேல் போனால் நீங்கள் சொன்ன அந்தத் தண்ணீர்ச் சத்தம் வரும். ஒரேயடியாக 12 போடுவதைவிட 6, 6 என்று இரண்டு தடவை போடுவது மென்மை.

இனி முக்கியமானது. அந்தப் பெட்டியிலேயே 'ரெசிடியூ' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை அழுத்தினால் மிஞ்சுவதைக் கேட்காமல், எறியப்போவதைக் கேட்கலாம். வெறும் 'இஸ்' மட்டும் கேட்டால் சரி. அதற்குள் சதங்கை ஒன்று கிணுங்கினாலும், 'ச', 'ஷ' எழுத்துகளின் நுனி கேட்டாலும் அளவு கூடிவிட்டது, குறையுங்கள். ஹெட்போன் போட்டு, ஆட்டம் உச்சத்தில் இருக்கும் பகுதியில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். கடைக்காரர் ஒருமுறை எறிந்ததைக் கேட்டிருந்தால் உங்கள் கசெட்டுக்கு அந்தக் கதி வந்திராது.

வாவிக்கரை

மத்தளம் அடிக்கும்போது பாட்டு பதுங்குவது ரெக்கோர்டரே சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைப்பதால். ஓங்கிய அடி விழுந்தவுடன் முழுவதையும் இறக்கி, பிறகு மெல்லத் தூக்கும். இதை ஒரு பொத்தானால் திருத்த முடியாது. ஆட்டத்தருவின் நடுவில் விட்டுவிடுங்கள், காது பழகிக்கொள்ளும். தரு முடிந்து தீர்மானம் என்ற முடிவு அடி அடித்த கையோடு விருத்தம் எடுக்கும் இடங்களைப் பாருங்கள். விருத்தத்தின் முதல் இரண்டு சொல் அமுங்கிக் கிடக்கும். என்வலப் கருவியால் அந்தச் சொற்களை மட்டும் 4, 5 டெசிபல் தூக்கி, குரல் தானாக எழும்பும் இடத்தில் சரிவாக விட்டுவிடுங்கள். கூடவே இரைச்சலும் கொஞ்சம் எழும்பும், பரவாயில்லை. ஒரு கசெட்டுக்கு ஒரு மாலை போய்விடும். ஆனால் பாத்திரம் களரிக்கு வந்து முதலில் சொல்லும் சொல் கேட்கும்.

மத்தளக்காரர்

பிள்ளை, அது பெரிய உபகாரம். வரவு விருத்தத்தின் முதல் அடி விளங்காவிட்டால் வந்தது யார் என்றே தெரியாது.

இருமல், குழந்தை அழுகை, கடலைக்காரர் கூப்பிடுவது எல்லாம் இருக்கட்டும். சனம் எந்த இடத்தில் ஆரவாரித்தது என்பதும் கூத்துச் சரித்திரம்தான்.

வாவிக்கரை

ஆவணப் பிரதிக்கு ஐயா சொல்வது முழுக்கச் சரி. ஆனால் வீட்டில் ஆச்சி போனில் கேட்கப்போகிறா. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் உறுமலும் சனமும் கூடிக் குரலை மூடிவிடும். அவவுக்கென்று இன்னொரு பிரதி செய்வதில் என்ன குறை? அதில் 100 ஹேட்ஸுக்குக் கீழே இறக்கி, 2 முதல் 4 கிலோஹேட்ஸ்வரை கொஞ்சம் தூக்கி, சல்லரி சொன்னபடி குரலை முன்னுக்கு எடுத்தால் சொல் தெளியும். எது எந்தப் பிரதி என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டால் குழப்பமும் இல்லை.

மத்தளக்காரர்

எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. துலக்கிய பிரதிதான் வட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றும், நாளைக்கு அதுதான் கூத்து என்று ஆகிவிடும். மூலத்தையும் எல்லாரும் எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள், அப்போது சரி.

நாடாப்பெட்டி

அதற்கு வழி இருக்கிறது. நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் தளம் ஒலிப்பதிவுகளையும் பாதுகாக்கிறது. கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கிறது, கூத்துப் படிக்கும் மாணவர்களுக்கு இது தேவைப்படும். கொடுக்கமுன் அண்ணாவியார் குடும்பத்திடமும் ஆடியவர்களில் இருப்பவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். ஊர், கோயில், ஆடியவர்கள் பெயர், எந்தக் கசெட்டின் எந்தப் பக்கம் என்பதை இப்போதே எழுதுங்கள். மாமாவிடம் கேட்க இதுதான் நேரம்.

பொல்லடி_அக்கரைப்பற்று

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். என்னிடம் இரண்டு விசயம். எங்கள் பொல்லடி, கோலாட்டம் போன்ற ஆட்டம், அதைப் போனில் பதிந்தது, பொல்லு படும் ஒவ்வொரு தடவையும் 'படார்' என்று உடைகிறது. மற்றது, மூத்தவாப்பாவின் றபான் மேளப் பாட்டுக் கசெட் ஒன்று 2004 சுனாமிக் கடலில் நனைந்தது. அன்றிலிருந்து பொலித்தீன் பையில் கட்டியபடி இருக்கிறது. ஏதாவது செய்யலாமா?

சல்லரி

காக்கா, பொல்லுக்கு நான் சொல்கிறேன். அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகியிருக்கும். முதலில் முழுக் கோப்பையும் 6 டெசிபலுக்குமேல் இறக்குங்கள், உச்சி திரும்ப வளர இடம் வேண்டும். பிறகு ஆடாசிட்டியின் கிளிப் ஃபிக்ஸ், அல்லது ஐசோடோப் ஆர்எக்ஸின் டி-கிளிப். பொல்லுச் சத்தம் கண்ணிமைக்கும் நேரம்தான் என்பதால் நன்றாகவே திருந்தும். நீளமான குரல் உடைந்திருந்தால் அவ்வளவு வராது. வேறு யாரும் அதே நிகழ்ச்சியைப் போனில் எடுத்திருந்தால் கேட்டு வாங்குங்கள், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், குழாய்க்குள் இருந்து வருவதுபோல் கேட்கும். நல்லதை அடிப்படையாக வைத்து, உடைந்த இடத்துக்கு மட்டும் மற்றதில் இருந்து வெட்டி ஒட்டுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்போது 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். மற்றபடி அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

நாடாப்பெட்டி

நனைந்த கசெட்டைப் போட்டுப் பார்க்க வேண்டாம், அதை முதலில் சொல்கிறேன். உப்புக் காய்ந்து நாடா ஒட்டியிருக்கும், பூஞ்சணமும் இருக்கக்கூடும். ஓடவிட்டால் பூச்சு கழன்றுவிடும். பையில் இருந்து எடுத்து, வெயில் படாத உலர்ந்த இடத்தில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பூஞ்சணம் மூச்சில் போகாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கூட்டைத் திறந்து, நாடாச் சுருளை வடிகட்டிய தண்ணீரில் மெதுவாக அலசி, உப்புப் போனபின் ஃபேன் காற்றில் ஆறவிட்டு, புதுக் கூட்டுக்குள் கையால் சுற்ற வேண்டும். எங்காவது இழுத்துப் பிடித்தால் நிறுத்துங்கள். ஒரே ஒரு கசெட் என்றால் முதலில் வேண்டாத பழைய கசெட் ஒன்றில் கைப்பழக்கம் எடுப்பது நல்லது, அல்லது என்னிடம் கொண்டு வாருங்கள், இருந்து செய்யலாம்.

பொல்லடி_அக்கரைப்பற்று

கொண்டு வருகிறேன் காக்கா. அதுவரை தொடமாட்டேன்.

படுவான்கரையான்

முதல் கசெட்டின் ஒரு பக்கம் முடிந்தது. சாய்வைத் திருப்பியவுடனேயே பாதி மங்கல் போய்விட்டது, சல்லரி தனியாகக் கேட்கிறது. நொய்ஸ் ரிடக்‌ஷன் 6இல் நிறுத்தினேன். எறிவதைக் கேட்டபோது 9இலேயே சதங்கை வந்துவிட்டது.

இன்னொரு கேள்வி. இந்த வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு. கண்ணகி வழக்குரைப் பாட்டும் உடுக்கும் பதிய வேண்டும். பிறகு திருத்துகிற வேலை வராமல் எப்படிப் பதிவது?

சல்லரி

போனைக் கையில் பிடிக்காமல், கையடக்க ரெக்கோர்டர் ஒன்றை நிலைக்காலில் போடுங்கள், 24 பிட், உச்சம் −12. தானியங்கிச் சத்த அமைப்பை அணைக்க வேண்டும், உங்கள் கசெட்டில் பாட்டு பதுங்கியது அதனால்தான். ஹோர்ன் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காதீர்கள். ஹோர்னில் இருந்து வருவதில் 300 ஹேட்ஸுக்குக் கீழே ஒன்றும் பெரிதாக இராது, பிறகு தூக்கினாலும் உறுமல்தான் வரும். ஒலிபெருக்கிக்காரரின் மிக்சரில் இருந்து ஒரு வயர் கேட்டு வாங்குங்கள், அதில் பாடுபவரின் குரல் சுத்தமாக வரும். உடுக்கும் சனமும் ரெக்கோர்டரின் மைக்கில் வரும்.

கரண்ட்காரன்

வைகாசியில் கச்சான் காற்று அடிக்கும், மைக்குக்குப் பஞ்சு உறை மறக்க வேண்டாம். மிக்சரையும் ரெக்கோர்டரையும் வெவ்வேறு பிளக்கில் ஓடவிட்டால் உறுமல் ஏறும். ரெக்கோர்டரைப் பற்றரியிலேயே விடுங்கள், இந்தக் காலத்து மெஷினில் பற்றரி இறங்கினாலும் வேகம் மாறாது. நிகழ்ச்சி நடுவில் மாற்றப் புதுப் பற்றரி கையோடு இருக்கட்டும்.

மத்தளக்காரர்

எந்தக் கோயில், எந்த நாள் என்று தனியே எழுதுங்கள் தம்பி. கோயில் பூசகரான கட்டாடியாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சில கட்டங்களில் பதிவு செய்ய விடமாட்டார்கள். மைக் எங்கே நிற்கலாம் என்று நானும் வந்து பார்க்கிறேன்.

சல்லரி

மிக்சருக்கு எடுக்க நீள வயர் இரண்டு என்னிடம் இருக்கிறது. ஐயாவோடு நானும் வருகிறேன்.